கூலன்ட் டேங்க் அப்கிரேட்: புதுசா கை வைக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி பொறந்து வெயில் ஏற ஆரம்பிச்சா போதும், "பெரிய கூலன்ட் டேங்க் போட்டா வண்டி சூடாகாதாமே, உண்மையா"ன்னு யாராவது கேட்டுட்டே இருப்பாங்க. முதல்லயே சொல்லிடுறேன், டேங்க் பெருசானதால மட்டும் இன்ஜின் கூல் ஆகாது. சூட்டை வெளிய தள்றது ரேடியேட்டரும் ஃபேனும்தான். டேங்கோட வேலை வேற, சிஸ்டத்துல தண்ணி எப்பவும் ஃபுல்லா நிக்கணும், உள்ள காத்து தங்கக் கூடாது, பிரஷர் இறங்கக் கூடாது, அவ்ளோதான். பழைய டேங்க் இதை ஒழுங்கா செய்யாம இருந்து, புதுசு போட்டதும் சரியா நடந்தா டெம்பரேச்சர் முள்ளு தானா கீழ வரும், அதைப் பாத்துட்டுதான் நம்ம ஆளுங்க "டேங்க் மாத்தினேன் வண்டி ஐஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. ஏற்கனவே எல்லாம் சரியா இருக்கற வண்டியில ஆசைக்கு அலுமினியம் டேங்க் மாட்டினா பானெட்டைத் திறக்கும்போது பாக்க நல்லா இருக்கும், வேற ஒண்ணும் நடக்காது.

அதனால அப்கிரேட்னு நான் சொல்றது இதைத்தான்: வெடிச்ச, மஞ்சளாயிப் போன பழைய டேங்கை எடுத்துட்டு நல்ல டேங்க், நல்ல மூடி, புது ஹோஸ், சரியான கூலன்ட்டுன்னு ஒரே மூச்சுல போட்டு உள்ள இருக்கற காத்தை முழுசா எடுக்கறது.

உங்க வண்டியில எந்த டைப்னு பாருங்க

பானெட்டைத் திறங்க, இன்ஜின் ஆறி இருக்கும்போதுதான். ரேடியேட்டர் மேலயே ஒரு இரும்பு மூடி இருக்கா? மாருதி 800, ஆல்டோ மாதிரி வண்டிகள்ல அப்படித்தான் இருக்கும். அந்த மூடிக்குக் கீழ இருந்து ஒரு சின்ன ஹோஸ் கிளம்பி ஓரமா இருக்கற பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகும். இது ஓவர்ஃப்ளோ பாட்டில் டைப். இதுல பிரஷர் ரேடியேட்டருக்குள்ளதான், பாட்டில்ல கிடையாது. கூலன்ட் சூடாகி விரியும்போது மூடியில இருக்கற ஸ்பிரிங் வால்வைத் தள்ளிட்டு பாட்டிலுக்கு வரும், வண்டி ஆறினதும் மூடி நடுவுல இருக்கற இன்னொரு குட்டி வால்வு வழியா பாட்டில்ல இருந்து திரும்ப ரேடியேட்டருக்கே இழுத்துக்கும்.

ரேடியேட்டர்ல மூடியே இல்லாம, தனியா உருண்டையாவோ டப்பா மாதிரியோ ஒரு டேங்க் இருந்து அதுல திருகு மூடி இருந்தா அது ரெண்டாவது டைப், எக்ஸ்பான்ஷன் டேங்க். போலோ, ஃபிகோ, பழைய ஐகான் எல்லாம் இந்த ரகம். இங்க டேங்கே பிரஷர்ல இருக்கு. அதனால இதுல ஒரு முடி அளவு வெடிப்பு வந்தாலும் மொத்த கூலிங் சிஸ்டத்துலயும் ஓட்டை விழுந்த கணக்குதான்.

பிரஷர் எதுக்கு இவ்ளோ முக்கியம்னா, சாதா தண்ணி திறந்த பாத்திரத்துல 100 டிகிரியில கொதிக்கும், அதுவே 1 பார் பிரஷர் கூடக் கொடுத்து மூடி வச்சா 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. குக்கர் விஷயம்தான். கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல போகும். மூடி போயிடுச்சுன்னா இந்த 20 டிகிரி பாதுகாப்பும் போச்சு, கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியர்லயே ஏறும்போது பாதியிலயே இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்குள்ள கூலன்ட் கொதிச்சு ஆவியாகும், ஆவி நிக்கற இடத்துல சூடு இறங்காது, அப்புறம் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல், அதான் ஹெட் கேஸ்கெட், போயிடும்.

மூடி மேல 0.9, 1.1ன்னு இல்லன்னா 88, 108ன்னு நம்பர் அடிச்சிருக்கும், அதுதான் எந்த பிரஷர்ல திறக்கும்ங்கற கணக்கு. புதுசு வாங்கும்போது அதே நம்பர்தான் வாங்கணும். "கூட நம்பர் போட்டா இன்னும் நல்லதுண்ணா"ன்னு கடையில சொல்லுவாங்க, கேக்காதீங்க, வயசான ரேடியேட்டரோட பிளாஸ்டிக் ஓரமும் ஹீட்டர் ஹோஸும்தான் அந்த எக்ஸ்ட்ரா பிரஷருக்கு முதல்ல வாயைப் பிளக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி நோயைக் கண்டுபிடிங்க

டிராஃபிக்ல நிக்கும்போது மட்டும் முள்ளு ஏறி, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்குதுன்னா டேங்க்ல பிரச்சினை இல்ல, ஃபேன் சுத்துதா, ரிலே, சுவிட்ச் நல்லா இருக்கான்னு பாருங்க. ஹைவேல ஸ்பீடா போகும்போது ஏறுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் கம்மி, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்து விடற வால்வு) முழுசா திறக்காதது, வாட்டர் பம்ப் இந்தப் பக்கம் போங்க. காலையில ஆறின வண்டியில மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணும்போது டேங்க்ல விடாம குமிழ் குமிழா வந்துட்டே இருந்தா, இல்ல ஆயில் மூடிக்கு அடியில வெளுத்துப் போய் கொழகொழன்னு இருந்தா, ஹெட் கேஸ்கெட் டவுட்டு. அப்போ டேங்க் மாத்தறது காசுக்குப் பிடிச்ச கேடு, முதல்ல நல்ல மெக்கானிக்கைப் பாருங்க.

ஓவர்ஃப்ளோ டைப்ல புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. பாட்டில்ல மேக்ஸ் வரைக்கும் கூலன்ட் நிக்கும், சரி எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு மூடிட்டுப் போயிடுவாங்க, ஆனா ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாத்தா உள்ள அரை லிட்டர் குறைஞ்சிருக்கும். மூடியோட ரப்பர் காஞ்சு கெட்டியாயிட்டா கூலன்ட் வெளிய வரும், திரும்ப உள்ள போகாது. பாட்டிலுக்குள்ள தொங்கற சின்ன டியூப் கழண்டு விழுந்திருந்தாலும் இதே கதைதான், ஆறும்போது கூலன்ட்டை இழுக்கறதுக்கு பதிலா காத்தை இழுக்கும். இந்த மாதிரி கேஸ்ல ஒரு மூடியும் ஒரு முழம் ஹோஸும் மாத்தினாலே பாதி வண்டி சரியாயிடும்.

இன்னொண்ணு, "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையே இல்ல"ன்னு கழட்டி வீசற மெக்கானிக் இன்னமும் இருக்காங்க. அது 82, 88 டிகிரி பக்கத்துல திறக்கற மாதிரி டிசைன் பண்ணி வச்சதுக்குக் காரணம் இருக்கு, அது இல்லன்னா இன்ஜின் சீக்கிரம் சூடே ஆகாது, பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயில் ஒழுங்கா வேலை செய்யாது. உங்க வண்டியில ஏற்கனவே கழட்டியிருந்தா, டேங்க் மாத்தற அன்னைக்கே எப்படியும் கூலன்ட்டை இறக்கப் போறீங்க, அப்படியே புதுசு ஒண்ணு போட்டுடுங்க.

எந்த டேங்க் வாங்கறது

என் கருத்து, பத்துல ஒன்பது பேருக்கு கம்பெனி ஒரிஜினல் டேங்க் போதும். ஹோஸ் மாட்டற வாய் சைஸ், மூடி மரை, லெவல் சென்சார் மாட்டற இடம், பிராக்கெட் போல்ட் எல்லாம் அச்சா வந்து உக்காரும். சென்னைன்னா ஜிபி ரோடு பக்கம் போனா கிடைக்கும், கம்பெனியே உற்பத்தியை நிறுத்தின வண்டிக்குக் கூட அங்க தேடினா மாட்டும். புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் டேங்க் கிடைக்கும், தயவுசெஞ்சு அதை மட்டும் வாங்காதீங்க, சூட்டுல பல வருஷம் வெந்த பிளாஸ்டிக் எப்போ விடும்னு யாருக்கும் தெரியாது. டேங்கை ரெண்டு பாதியா செஞ்சு ஒட்டியிருப்பாங்க இல்ல, அந்த ஒட்டு ஓரமாதான் பெரும்பாலும் வெடிக்கும், வெடிச்ச இடத்துல காஞ்ச கூலன்ட் கோடு மாதிரி படிஞ்சிருக்கும், கடையில டேங்கைக் கையில வாங்கினதும் முதல்ல அந்த ஓரத்தை வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. எம்சீல், ஃபெவிக்விக் வச்சு அடைக்கிற ஐடியாவும் வேணாம், இந்த ரக பிளாஸ்டிக்ல பசை எதுவும் சரியா ஒட்டாது, பிரஷர் ஏறினதும் தெறிச்சிடும்.

அலுமினியம் டேங்க் பழைய வண்டி ரீஸ்டோர் பண்றவங்களுக்கும், இன்ஜின் மாத்தி வச்சிருக்கறவங்களுக்கும், பார்ட்டே கிடைக்காத இம்போர்ட் வண்டிக்காரங்களுக்கும் சரி. வெடிக்காது, வெயில்ல மஞ்சளாகாது. ஆனா உள்ள எவ்ளோ கூலன்ட் இருக்குன்னு வெளியில இருந்து தெரியாது, பக்கத்துல கண்ணாடிக் குழாய் வச்ச மாடலா பாத்து வாங்குங்க. லோக்கல்ல வெல்டிங் பண்ணி வாங்கினா உள்ள அலுமினியத் தூள், வெல்டிங் பொடி எல்லாம் கிடக்கும், நல்லா தண்ணி ஊத்திக் குலுக்கிக் கழுவாம மாட்டினா அதெல்லாம் நேரா வாட்டர் பம்புக்குப் போகும். பாடியில உரசாம ரப்பர் வாஷர் வச்சு டைட் பண்ணணும். மூடி மாட்டற கழுத்து உங்க பிரஷர் நம்பர் மூடிக்கு ஏத்ததான்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே மாட்டிப் பாத்துடுங்க.

சைஸ் விஷயத்துல ஒரு சின்ன கணக்கு. கூலன்ட் நல்லா சூடாகும்போது ஏறக்குறைய 5 சதவீதம் விரியும். சிஸ்டத்துல மொத்தம் 5 லிட்டர் இருந்தா கால் லிட்டர், அதுக்கு மேல கொஞ்சம். அந்த அளவுக்கு டேங்க்ல காலி இடம் இருந்தா போதும், ரெண்டு லிட்டர் டேங்க் போட்டு ஒரு லாபமும் இல்ல. வாய் வரைக்கும் ஊத்தி வைக்கக் கூடாதுன்னு சொல்றதும் இதுக்குத்தான், விரிய இடம் இல்லன்னா மூடி வழியா வெளிய தள்ளிடும், அதைப் பாத்துட்டு லீக்குன்னு ஓடுவீங்க.

ஓவர்ஃப்ளோ பாட்டில் வண்டியை எக்ஸ்பான்ஷன் டேங்க் வண்டியா மாத்தலாமான்னும் கேப்பாங்க. மாத்தலாம், ஆனா டேங்க் சிஸ்டத்துலயே உயரமான இடத்துல வரணும், ரேடியேட்டர் மூடிக்கு பதிலா வால்வு இல்லாத மூடி போடணும், ரேடியேட்டர் மேல் பக்கத்துல இருந்து காத்து போக ஒரு லைன், டேங்க் அடியில இருந்து பம்ப் இழுக்கற பக்கத்துக்கு டி-ஜாயின்ட் போட்டு ஒரு லைன் இழுக்கணும். முதல் தடவை ஸ்பேனர் பிடிக்கறவங்களுக்கு இது வேலை இல்ல.

கூலன்ட்டும் தண்ணியும்

கலரைப் பாத்து கூலன்ட் வாங்காதீங்க. பச்சை, சிவப்பு, பிங்க், வயலெட் எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், எல்லாருக்கும் பொதுவான கலர் விதின்னு ஒண்ணு இல்ல. ஓனர் மேனுவல்ல என்ன ஸ்பெக் போட்டிருக்கோ அதைத்தான் டப்பா பின்னாடி தேடணும், போலோக்காரங்க ஜி12, ஜி13ன்னு பாப்பாங்க, அந்த மாதிரி. ரெண்டு ரகம் கலந்தா சில நேரம் கொழகொழன்னு ஜெல் மாதிரி ஆகி ரேடியேட்டரை அடைச்சிடும். ரெடி மிக்ஸ்னா அப்படியே ஊத்துங்க, தண்ணி சேக்காதீங்க. கான்சென்ட்ரேட்னா பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணி, அதாவது டிஸ்டில்ட் வாட்டர். போர் தண்ணி ஊத்தினா உப்பு படியும், அலுமினியம் ஹெட்டுல வெள்ளையா பூத்துப் போகும்.

"தண்ணியே வேணாம், முழு கான்சென்ட்ரேட் ஊத்தினா செம்ம கூலிங்"ன்னு சொல்றவங்களும் உண்டு. நேர் எதிர். சூட்டைச் சுமக்கற திறமை தண்ணிக்குத்தான் அதிகம், கூலன்ட் கெமிக்கல் கொதிநிலையை ஏத்தறதுக்கும் துரு பிடிக்காம இருக்கறதுக்கும்தான்.

வேலையை ஆரம்பிக்கலாம்

தேவையானது: 10ம் நம்பர் ஸ்பேனர் அல்லது சாக்கெட், பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், அகலமான டப், கொஞ்சம் பனியன் வேஸ்ட், புனல், கையுறை, டேங்க்ல இருக்கறதை உறிஞ்ச ஒரு பெரிய சிரிஞ்ச். புது டேங்க், புது மூடி, புது கிளிப், ரெண்டு சின்ன ஹோஸ். ஹோஸ் வாங்கும்போது கூலன்ட் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, பெட்ரோல் ஹோஸையே கட் பண்ணிக் குடுக்கற கடை இருக்கு.

1. ராத்திரி நிறுத்தின வண்டியை காலையில தொடுங்க. சமமான இடம், ஹேண்ட் பிரேக். சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா கொதிக்கற கூலன்ட் மூஞ்சியில அடிக்கும், இதுல வீரம் காட்டாதீங்க. ஆறின வண்டியா இருந்தாலும் மூடி மேல துணி போட்டு மெதுவா திருகுங்க.

2. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சில வண்டியில சாவி ஆஃப்ல இருந்தாலும் ஃபேன் திடீர்னு சுத்தும், விரல் உள்ள இருக்கும்போது சுத்தினா அவ்ளோதான்.

3. கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க, எந்த ஹோஸ் எங்க போகுதுன்னு மாஸ்கிங் டேப்ல எழுதி ஒட்டுங்க. மேல இருக்கற மெல்லிசு காத்து போற லைன், அடியில இருக்கற தடிசு பம்புக்குப் போறது.

4. டேங்க்ல இருக்கறதை சிரிஞ்சால உறிஞ்சி எடுங்க. பழைய கூலன்ட் துரு கலரா இருந்தா ரேடியேட்டர் அடியில இருக்கற வடிகால் திருகையும் திறந்து முழுசா இறக்கிடறது நல்லது. சிந்தினதை உடனே துடைங்க, டப்பைத் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, கூலன்ட் இனிப்பா இருக்கும், தெரு நாய், பூனை நக்கினா செத்துடும், கைக்குழந்தை இருக்கற வீடுன்னா ரெண்டு மடங்கு கவனம்.

5. ஹோஸ் கழட்டறதுதான் பொறுமையான வேலை. கிளிப்பைப் பிளேயரால அமுக்கிப் பின்னாடி தள்ளிட்டு, ஹோஸை இழுக்காம முதல்ல இடம் வலமா முறுக்கி விடுங்க. பல வருஷ ஹோஸ் வாயோட ஒட்டிக்கிட்டு இருக்கும், முறுக்கும்போது 'டக்'னு ஒரு விடுபடல் தெரியும், அதுக்கப்புறம் இழுத்தா வந்துடும். அது தெரியற வரைக்கும் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்பாதீங்க. டேங்க் எப்படியும் குப்பைக்குப் போகப் போகுது, அது உடைஞ்சா கவலை இல்ல, ஆனா அந்தப் பக்கம் ரேடியேட்டர் பிளாஸ்டிக் வாய் உடைஞ்சா ரேடியேட்டரே வாங்கணும். வரவே மாட்டேங்குதுன்னா பிளேடால ஹோஸை நீளவாக்குல மேலாப்புல கீறி உரிச்சு எடுத்துட்டுப் புதுசு போடுங்க, ஹோஸ் விலை கம்மி.

6. லெவல் சென்சார் இருந்தா கனெக்டர் லாக்கை அமுக்கிக் கழட்டிட்டு போல்ட்டை எடுங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாய் எண்ணிக்கை, தடிமன் ஒத்துப் பாருங்க. புதுசுல வாய்க்குள்ள பிளாஸ்டிக் அடைப்பான் போட்டு வந்திருக்கும், அதை எடுக்காம மாட்டிட்டு காத்து ஏன் போகலன்னு தலையைப் பிச்சுக்க வேணாம்.

7. புது டேங்கை உக்கார வச்சு ஹோஸ் மாட்டுங்க. உள்ள ஏறலன்னா வாயில கொஞ்சம் கூலன்ட்டைத் தடவுங்க, கிரீஸ், ஆயில் தடவாதீங்க, ரப்பர் ஊறிப் போயிடும். வாய் நுனியில ஒரு மேடு இருக்கும் பாருங்க, கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உக்காரணும். மேட்டு மேலயே போட்டா இன்னைக்கு நிக்கும், மலை ஏறும்போது கழண்டுக்கும். திருகற கிளிப்பை வெறியோட முறுக்கினா ஹோஸை அறுத்துடும், ஸ்பிரிங் கிளிப் கிடைச்சா அதுவே மேல், சூட்டுல விரிஞ்சாலும் பிடி விடாது.

8. கூலன்ட் ஊத்துங்க, அவசரமே படாம, மெல்லிசா. வேகமா ஊத்தினா காத்து வெளிய வர வழியில்லாம உள்ள மாட்டிக்கும். ஓவர்ஃப்ளோ டைப்ல ரேடியேட்டர் கழுத்து வரைக்கும், பாட்டில்ல மின்னுக்கும் மேக்ஸுக்கும் நடுவுல. எக்ஸ்பான்ஷன் டேங்க்ல மேக்ஸ் கோடு வரைக்கும் மட்டும்.

காத்து எடுக்கறது

இந்த வேலையில பாதி தோல்வி இங்கதான், அதனால இதைத் தனியா சொல்றேன். பேட்டரியை மாட்டிட்டு, முடிஞ்சா வண்டியோட மூக்கு கொஞ்சம் மேல இருக்கற மாதிரி சரிவுல நிறுத்துங்க. ஏசி ஆஃப், ஹீட்டர் முழு ஹாட், புளோயர் கம்மியா. சித்திரை வெயில்ல ஹீட்டரான்னு வீட்டுல திட்டுவாங்க, பரவால்ல. காத்து எடுக்கற திருகு இருக்கற வண்டின்னா ஊத்தும்போதே அதைத் திறந்து வச்சு, குமிழ் இல்லாம கூலன்ட் மட்டும் வரும்போது மூடிடுங்க.

மூடியைத் திறந்தே வச்சு ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விடுங்க. குமிழ் வரும், லெவல் இறங்கும், ஊத்துங்க. ரேடியேட்டர் மேல் ஹோஸை கையால அமுக்கி அமுக்கி விட்டா உள்ள நிக்கற காத்து கிளம்பி வரும், ஃபேன் பக்கம் கை போகாம பாத்துக்கங்க. அந்த ஹோஸ் லேசா சூடாக ஆரம்பிச்சதும், கொதி நிலைக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே, மூடியைப் போட்டுடுங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் வண்டி ஓடட்டும், கண்ணு முள்ளு மேலயே இருக்கணும்.

இப்போ உள்ள உக்காந்து ஹீட்டர் காத்துல கையை வைங்க. சுடச்சுட வந்தா கூலன்ட் எல்லா இடத்துக்கும் சுத்துதுன்னு அர்த்தம். முள்ளு மேல ஏறியிருக்கு, ஆனா ஹீட்டர்ல ஜில்லுன்னு வருதுன்னா உள்ள காத்து அடைச்சிருக்கு, உடனே ஆஃப் பண்ணி, முழுசா ஆற விட்டு, திரும்ப முதல்ல இருந்து. ஆறாம மூடியைத் தொடாதீங்க.

மறுநாள் காலையில லெவல் கொஞ்சம் இறங்கியிருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல, டாப் அப் பண்ணிட்டு டேங்க் மேல மார்க்கரால ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க. ஓவர்ஃப்ளோ டைப்காரங்க ரேடியேட்டர் மூடியையும் திறந்து கழுத்து வரைக்கும் நிக்குதான்னு பாக்கணும். முதல் வாரம் ஊருக்குள்ளயே ஓட்டுங்க, தினமும் காலையில ஆறின வண்டியில கோட்டைப் பாருங்க. நின்னா மலைக்கு எடுத்துட்டுப் போலாம்.

கோடு தினமும் இறங்கிட்டே இருந்தா புது கிளிப் ஓரங்களை முதல்ல தடவிப் பாருங்க, அப்புறம் வாட்டர் பம்ப் அடியில இருக்கற குட்டி ஓட்டை, அதுல காஞ்ச கூலன்ட் கறை இருந்தா பம்ப் சீல் போச்சு. டிரைவருக்குப் பக்கத்துல இருக்கற சீட்டுக்கு முன்னாடி கால் மேட்டைத் தூக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு ஈரமா இருந்து இனிப்பு வாடை அடிச்சா ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர் லீக். எங்கயும் கறை இல்ல, ஆனா லெவல் மட்டும் இறங்குதுன்னா இன்ஜின் உள்ளயே குடிக்குது, ரேடியேட்டர் கடையில பிரஷர் டெஸ்டர் வச்சிருப்பாங்க, மாட்டிப் பாக்கச் சொல்லுங்க. இறக்கி வச்ச பழைய கூலன்ட்டை சாக்கடையில ஊத்தாம கேன்ல அடைச்சு, பழைய ஆயில் சேக்கற சர்வீஸ் சென்டர்ல வாங்கிப்பாங்களான்னு கேட்டுக் குடுத்துடுங்க.